ஆறுமுகம், காவல்துறை

ஆவணி 1, ஞாயிறு

முருகன் துணை.

மாதப் பிறப்பு. நீராடித் திருநீறணிந்து இக்குறிப்பேட்டைத் தொடங்குகிறேன். சமயநூல் அச்சகம் ஒன்றில் வாழ்நாளெல்லாம் பிழைதிருத்துநராக இருந்தவன் எழுதுவது. ஆகவே இதில் ஒற்றுப்பிழை இராது. அவனுக்கு ஓய்வூதியமும் இராது. அச்சக முதலாளி இறுதி நாளன்று ஒரு சால்வை போர்த்தி அனுப்பினார். அதை உலகம்மாள் அடுப்படித் துணியாக்கி ஆண்டு பலவாயிற்று.

காலையில் உலகம்மாளின் அண்ணன் மகன் இசக்கி தொலைபேசியில் அழைத்தான்.

"மாமா, ஒங்களுக்கும் அத்தைக்கும் வயசாயிக்கிட்டே போவுது. நாளப்பின்ன பாத்துக்கிட ஆளு வேணும்னா என்ன செய்விய? எனக்குத் தெரிஞ்ச இல்லம் ஒண்ணு இருக்கு. செலவே கெடையாது. ஆம்பளையளுக்குக் கோவில்பட்டி, பொம்பளையளுக்கு நாகர்கோவில்."

உலகம்மாள் தொலைபேசியை என் கையிலிருந்து வாங்கினாள். "நல்லதுப்பா. ஒனக்கு கோவில்பட்டியிலயும் ஒம் பொண்டாட்டிக்கு நாகர்கோவில்லயும் இப்பமே எடம் போட்டு வையி," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஆயினும் நான் சிந்திக்கலானேன். உலகம்மாளுக்கு எழுபது கடந்துவிட்டது. அவளுக்குத் தளர்ச்சி வருமுன் ஏற்பாடு செய்து வைப்பது கணவனாகிய என் கடமை. எனக்கென்ன, எழுபத்தொன்பதுதான். எங்களுக்கு மக்கட்பேறு அமையவில்லை. கோவில்பட்டிக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே எத்தனை ஊர்கள் இருக்கின்றன என்பதை நினைத்துப் பார்க்கவும் மனம் ஒப்பவில்லை.

குளியலறையில் இன்று திடீரென எட்டு உறுப்பும் நிலத்தில் தோய வணங்கத் தோன்றியது. நமஸ்காரம் செய்தேன். உலகம்மாள் அருகில் நின்றாள்.

ஆவணி 3, செவ்வாய்

வீட்டுக்கு ஆள் அனுப்பும் நிறுவனம் ஒன்றுக்குத் தொலைபேசினேன்.

"பேஷண்ட் படுக்கையில இருக்காங்களா, நடக்காங்களா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"இருவரும் நடக்கிறோம்."

"அப்பம் எதுக்கு சார் ஆளு?"

"முன்யோசனை," என்றேன்.

அவள் சொன்ன தொகையைக் கேட்டு அதிர்ந்து, நெற்றியில் இட்டுக்கொள்ளத் திருநீற்றுக் கிண்ணத்தைத் தேடினேன். முழுநாள் ஆள் என்பது மன்னர்க்கு உரியது. காலைப்பொழுதுக்கு மட்டும் ஒருத்தி வந்துபோவதென்றால், வைப்புநிதி வட்டியோடு அரசாங்கத்தின் முதியோர் உதவித்தொகையும் கிடைத்தால் சரியாகிவிடும். அது கிடைக்காவிடில் இசக்கியின் இரண்டு ஊர்கள்தாம். விண்ணப்பிப்பது என முடிவு செய்தேன்.

வீட்டுச் சொந்தக்காரர் பால்வண்ணத்திடம், குளியலறைத் தளம் பாசிபிடித்து வழுக்குகிறது, கொத்திவிட்டுப் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் பதித்துத் தாருங்கள் என்று மீண்டும் கேட்டேன். உலகம்மாளுக்காகத்தான் கேட்டேன். "அடுத்த மாசம் பாப்போம் அண்ணாச்சி," என்றார். அவருடைய அடுத்த மாதம் எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை.

ஆவணி 6, வெள்ளி

விண்ணப்பம் இனிதே முடிந்தது. உலகம்மாள் நியாயவிலைக் கடை வரிசையில் நின்றதால் நான் மட்டும் இணையச் சேவை மையத்துக்குச் சென்றேன். ரூத் என்னும் பெண் கணினிமுன் அமர்ந்து கேள்விகளைப் படித்தாள். நான் விடை கூறினேன். இக்காலத்துப் பிள்ளைகளிடம் பணிவில்லை என்போர் ரூத்தைக் காணவேண்டும்.

"துணை, பராமரிக்கிறவங்க யாராச்சும் இருக்காங்களா தாத்தா?"

தாள் எடுத்தால் தலைப்பில் 'முருகன் துணை' என்று எழுதாமல் ஒரு வரியும் எழுதியறியாதவன் நான். சலவைக் கணக்குக்கும் எழுதுவேன். அவ்வாறிருக்கத் துணை இல்லையென்று எந்த நாவால் சொல்வது?

"உண்டு," என்றேன்.

"பேரு?"

"ஆறுமுகம்."

"ஒங்களுக்கு என்ன ஒறவு?"

"அன்னையும் அவனே, அப்பனும் அவனே, பிள்ளையும் அவனே."

"ஏதாவது ஒண்ணுதான் தாத்தா எடுக்கும்."

"உனக்கு எது வசதியோ அதைப் போடு அம்மா. அவன் கோபிக்கமாட்டான்."

தட்டினாள். "எங்க இருக்காங்க?"

"திருச்செந்தூர். கடலைப் பார்த்த இடம்."

"சொந்த வீடா?"

"வேறு யாருக்கு அது சொந்தம்?"

"என்ன வேல பாக்காங்க?"

"காத்தல்."

"காவலா?"

"காவலே!" என்றேன். பிற சமயத்துப் பெண்ணுக்கு இத்தனை நுட்பமான புரிதலா என்று உள்ளம் நெகிழ்ந்தது.

"சார் அடிக்கடி வந்து பாப்பாங்களா?"

"நினைத்தபோது வருவான்."

"பணம் எதுவும் அனுப்புவாங்களா தாத்தா?"

"நான் கேட்டதில்லை."

அவள் என்னை இரக்கத்தோடு பார்த்தாள். பக்தி அவ்வாறுதான் பரவும். ஒப்புகைச் சீட்டைப் படித்துப் பார்க்கச் சொன்னாள். மூக்குக்கண்ணாடி வீட்டில் இருந்தது. இருப்பினும் பிழைதிருத்துநர் கண்ணுக்குக் கண்ணாடி எதற்கு? ஒருமுறை பார்த்தேன். பிழையில்லை என்று கையொப்பமிட்டேன்.

ஆவணி 7, சனி

வாசற்படியில் நமஸ்காரம் செய்தேன். முழங்கால்கள் இரண்டும் ஆர்வத்தோடு பங்கேற்றன. உலகம்மாள் அருகில் நின்றாள்.

ஆவணி 13, வெள்ளி. சஷ்டி

விரதம். பசியைவிடப் பெரிய சோதனை வந்தது.

முற்றத்துக் குழாயடியில் உலகம்மாள் குடம் நிறைத்துக்கொண்டிருக்கையில் அவளது கைப்பேசிக்குச் செய்தி வந்தது. அதை உரக்கப் படித்தாள்: "தங்கள் மகன் திரு. ஆறுமுகம் காவல்துறையில் பணிபுரிவதாலும், திருச்செந்தூரில் சொந்த வீடு உள்ளதாலும், உதவித்தொகை கோரும் தங்கள் மனு நிராகரிக்கப்படுகிறது."

குடம் நிறைந்து வழிந்தது.

"ஏங்க, இங்க வாங்க," என்றாள். "கல்யாணம் ஆயி இத்தன வருசத்துல, எனக்குத் தெரியாம ஒரு போலீஸ்காரன பெத்து வச்சிருக்கிய."

"உலகு, அது..."

"வீடு வேற வாங்கிக் குடுத்திருக்கிய. கடலப் பாத்து. நா இங்கன பாசிபிடிச்ச குளியலறையில வழுக்கிக்கிட்டு கெடக்கேன். அவன் ஆத்தா யாரு?"

"பார்வதி," என்றேன், உண்மையை மறைக்கத் தெரியாதவனாக.

அவள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். நீர் பாதி சிந்திற்று.

ஒப்புகைச் சீட்டைக் கண்ணாடி அணிந்து படித்தேன். காத்தல் என்று நான் சொன்னது காவல்துறை என்று ஏறியிருக்கிறது. அன்னை, அப்பன், பிள்ளை மூன்றில் பிள்ளை நிலைத்துவிட்டது. எழுத்தெண்ணிப் படித்தவன் கண்முன்னே ஒரு துறை நுழைந்து போயிருக்கிறது. அச்சகத்தில் நடந்திருந்தால் முதலாளி சால்வையைத் திரும்பக் கேட்டிருப்பார்.

ஆவணி 14, சனி

பால்வண்ணம் குழாயடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். உலகம்மாள் சிரிப்பதற்கு முன்பே போய்விட்டார் என்பதுதான் சிக்கல். காலையில் கைநிறைய வாழைப்பழத்தோடு வந்து நாற்காலியின் நுனியில் அமர்ந்தார்.

"அண்ணாச்சி, தம்பி டிப்பார்ட்மெண்ட்ல இருக்காவன்னு ஒரு வார்த்த சொன்னியளா? எஸ்.ஐ.யா, இன்ஸ்பெக்டரா?"

பொய் சொல்வது எனக்கு வழக்கமில்லை. "அவன் சேனாபதி," என்றேன்.

"கமாண்டண்ட்டா! ஆயுதப்படையா?"

"ஆயுதம் எப்போதும் கையில் உண்டு."

"கீழ எம்புட்டு ஆளு இருப்பாவ?"

"கைகளே பன்னிரண்டு."

"நேரடியாவே பன்னெண்டு கையி!" என்று வாயைப் பொத்தினார். "கல்யாணம்?"

"இருமுறை."

பால்வண்ணம் குரலைத் தாழ்த்தினார். "பெரிய எடம். நாம பேசக்கூடாது."

அவர் போனபின் உலகம்மாள் அடுப்படியிலிருந்து, "வாகனம் என்னன்னு கேக்கலையே," என்றாள்.

ஆவணி 16, திங்கள்

கொத்தனார் வந்தார். குளியலறைத் தளம் கொத்தப்பட்டது. சுவரில் எவர்சில்வர் கம்பி பதிக்கப்பட்டது. கேட்டு ஓராண்டாகியும் வராதது, ஆறுமுகத்தின் பெயர் காற்றில் கலந்த மூன்றாம் நாள் வந்துவிட்டது. அவன் காப்பதே தொழிலாக உடையவன் என்று நான் சொன்னதில் என்ன பிழை?

ஆவணி 20, வெள்ளி

பாலில் தண்ணீர் குறைந்திருக்கிறது. உலகம்மாள் பால்காரரிடம், "ஆறுமுகத்துக்குக் கெட்டிப் பால்தான் புடிக்கும்," என்று மட்டும் சொன்னாளாம். பாலாபிஷேகத்தைக் கருதிச் சொன்னதாக என்னிடம் விளக்கினாள்.

நாங்கள் ஒரு சொல்லும் பொய் உரைக்கவில்லை. இருந்தும் மனம் உறுத்துகிறது. அதை ஆற்றிக்கொள்ள ஒரு குறள்வெண்பா இயற்றினேன்.

*கணினி அறியாத காவலன் செந்தூர்*
*அணியலை ஓரம் உளன்.*

எதுகை, மோனை, தளை அனைத்தும் சரி. உலகம்மாளிடம் பாடிக் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். "அந்த மேல்முறையீட்ட எழுதிட்டியளா?"

ஆவணி 25, புதன்

முருகன் துணை.

மேலே உள்ள இரண்டு சொற்களை எழுதிவிட்டு நெடுநேரம் அமர்ந்திருந்தேன்.

இசக்கி மறுபடியும் அழைத்தான். இல்லத்தில் இரண்டு இடம் காலியாம், புரட்டாசிக்குள் சொல்லவேண்டுமாம். "மாசம் ஒருதரம் வேன்ல கூட்டிட்டு வந்து அத்தைய காட்டுவாங்க மாமா," என்றான். மிருகக்காட்சிச் சாலைக்குப் போவதுபோல் சொல்கிறான்.

மகன் இல்லையென்று மேல்முறையீட்டைக் கணினியில் ஏற்றி, கையொப்பத்துக்கான தாளை ரூத் அச்சிட்டுத் தந்தாள். நடந்ததைக் கேட்டு, "அய்யோ தாத்தா, அந்த ஆறுமுகமா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவள்மேல் குற்றமில்லை. தாளின் அடியில் கையொப்பம் கேட்கும் வரி இதுதான்: 'எனக்குத் துணை எவரும் இல்லை என்று உறுதி கூறுகிறேன்.'

தலையில் 'முருகன் துணை'; காலில் 'துணை எவரும் இல்லை'. ஒரே தாளில் இவ்விரண்டும் நிற்குமா? இதற்கு நான் கையொப்பமிட்டால் உலகம்மாளுக்கு உதவிக்கு ஒருத்தி வருவாள். இடாவிட்டால் அவள் நாகர்கோவில். பேனாவை எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன்.

உலகம்மாள், "திங்கக்கெழம வருவாய் ஆய்வாளர் வீட்டுக்கே வருதாராம். அவருகிட்டயே கேட்டுக்கிடுங்க," என்று மட்டும் சொல்லி என் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தாள்.

கிணற்றடியில் நமஸ்காரம் செய்தேன். சிறியது.

ஆவணி 30, திங்கள்

இன்று நிகழ்ந்தவற்றை விடாமல் எழுதவேண்டும்.

வருவாய் ஆய்வாளர் மைதீன் பிச்சை முற்பகலில் வந்தார். நடுவயதினர், வெயிலில் களைத்திருந்தார். அவர் அமர்வதற்குள் பால்வண்ணம் இளநீரோடு நுழைந்துவிட்டார்.

"சார், இவுகளுக்குப் போயி ஏழைன்னு விசாரணையா? மகன் கமாண்டண்ட் சார்! பன்னெண்டு பேரு கைக்குள்ள! திருச்செந்தூர்ல கடல் பாத்த பங்களா!"

நல்லெண்ணத்தோடு ஒருவர் நம்மைக் கிணற்றில் தள்ளுவதை இன்றுதான் கண்டேன்.

ஆய்வாளர் கோப்பைப் புரட்டினார். "மேல்முறையீட்டுல மகனே இல்லன்னு சொல்லியிருக்கீங்க பெரியவரே. இவரு இருக்காருங்காரு. ஆறுமுகம் யாரு?"

நான் சுவரைச் சுட்டினேன். நாட்காட்டியில் மயில்மேல் அமர்ந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

ஆய்வாளர் நாட்காட்டியைப் பார்த்தார். கோப்பைப் பார்த்தார். மறுபடி நாட்காட்டியைப் பார்த்தார். "இவங்களா?"

"அவனே."

"காவல்துறை?"

"காத்தல் என்று சொன்னேன்."

பால்வண்ணத்தின் கையிலிருந்த இளநீர் சாய்ந்தது. "சேனாபதின்னு சொன்னியளே அண்ணாச்சி!"

"தேவர்களுக்கு," என்றேன்.

"ரெண்டு கல்யாணம்னு..." என்று தொடங்கியவர் தாமே நிறுத்திக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆய்வாளர் கைக்குட்டையால் வாயை மூடியபடி தோள்குலுங்கச் சிரித்தார். உலகம்மாள் அவருக்கு மோர் கொடுத்துச் சிரிப்பை இறக்கினாள். அவளுக்கு உதவியாக ஓர் ஆள் வைக்கவே உதவித்தொகை கேட்டேன் என்று அவரிடம் விளக்கினேன்.

பின் அவர் நான் கையொப்பமிடாமல் வைத்திருந்த தாளை எடுத்து நீட்டினார். "சரி ஐயா. துணை யாரும் இல்லன்னு ஒரு கையெழுத்து. முடிஞ்சுது."

"முடியாது," என்றேன்.

"என்னங்க!" என்றாள் உலகம்மாள்.

"வாழ்நாளெல்லாம் அவனைத் துணையென்று எழுதிய கை இது. ஓர் உதவித்தொகைக்காக அவன் இல்லையென்று..." என்று சொல்லிக்கொண்டே எழுந்தேன். சொல் உயர்ந்தது, கால் உயரவில்லை. அறை ஒருபக்கமாகச் சாய்ந்தது.

நான் நிலத்தைத் தொடவில்லை. உலகம்மாளின் ஒரு கை என் இடுப்பிலும், மற்றொன்று அக்குளிலும் இருந்தன. என்னை அப்படியே திருப்பி நாற்காலியில் அமர்த்தினாள். ஆய்வாளரிடம், "மோருல உப்பு போதுமா சார்?" என்று கேட்டுக்கொண்டிருந்த கேள்வியைக்கூட அவள் இடையில் நிறுத்தவில்லை.

ஆய்வாளர் சிரிப்பதை விட்டுவிட்டார்.

"இது அடிக்கடி நடக்குமாம்மா?"

"எண்ணுறதில்ல சார். அவுக நமஸ்காரம் பண்ணுதாவ. நா தூக்கி விடுதேன்."

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தச் சொல்கூடத் தெரிந்திருக்கிறது. குறிப்பேட்டை நான் பூட்டி வைப்பதில்லை.

"அப்பம் ஆளு வேண்டியது அம்மாவுக்கு இல்ல," என்றார் ஆய்வாளர்.

நான் நாட்காட்டியைப் பார்த்தேன். அவன் எனக்கு உதவிக்கு வரவில்லை. உதவிக்கு ஆள் ஏற்கெனவே இருப்பதால் வராமலிருந்திருக்கலாம்.

ஆய்வாளர் நாற்காலியை அருகில் இழுத்துக்கொண்டார். "ஐயா, தொழுகைக்குப் போற ஆளு நானும். எனக்குப் புரியுது. ஆனா துணைன்னு தாலுகா ஆபீஸ் கேக்குறது சம்பாதிச்சுக் குடுக்குற ஆள. மேல இருக்கறவங்கள பத்தி நாங்க விசாரிக்கிறதில்ல. எங்களுக்கு அதிகாரம் கெடையாது."

"அப்படியானால் வாக்கியம் பிழை," என்றேன்.

"என்னது?"

"உங்கள் கருத்து ஒன்று, வாக்கியம் சொல்வது வேறொன்று. பேனா கொடுங்கள்."

'எனக்குத்' என்பதற்கும் 'துணை' என்பதற்கும் இடையே செருகற்குறி இட்டேன். மேலே 'ஈட்டித் தரும்' என்று எழுதினேன். பிறகு 'எனக்குத்' என்பதன் இறுதியில் நின்ற 'த்' என்னும் எழுத்தை அடித்தேன். இப்போது வாக்கியம்: 'எனக்கு ஈட்டித் தரும் துணை எவரும் இல்லை என்று உறுதி கூறுகிறேன்.'

"அந்த எழுத்த ஏன் அடிச்சீங்க?"

"பக்கத்தில் உயிரெழுத்து வந்துவிட்டது. இனி அங்கே ஒற்று மிகாது."

மைதீன் பிச்சை திருத்தத்தை விரல்வைத்துப் படித்தார். "சிஸ்டத்துல இது ஏறாது. பேப்பர்ல கெடக்கட்டும்," என்றார். நான் கையொப்பமிட்டேன்.

"பராமரிப்பவர்ங்கற எடத்துல என்ன போட?"

நான் பேசுமுன் அவரே எழுதினார். எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. தலைகீழாகப் படிப்பது அச்சகத்தார்க்குப் பழக்கம். பெயர்: உலகம்மாள். உறவு: மனைவி. வருமானம்: இல்லை.

இம்முறை பிழையில்லை. கண்ணாடி அணிந்து பார்த்தேன்.

புரட்டாசி 24, வெள்ளி

உதவித்தொகை ஆணை வந்துவிட்டது. வரும் திங்கள் முதல் செல்லக்கிளி என்பவள் காலைப்பொழுதுக்கு வருவாள். நேற்றே வந்து என்னை ஏற இறங்கப் பார்த்து, "தாத்தா கனம் அவ்வளவா இல்ல, தூக்கிருவேன்," என்று உலகம்மாளிடம் உறுதி சொன்னாள். இசக்கியிடம் உலகம்மாளே பேசினாள். நாகர்கோவிலுக்கு அவன் மாமியாரை அனுப்பச் சொன்னாளாம்.

குளியலறைக் கம்பியைப் பால்வண்ணம் பிடுங்கிவிடுவாரோ என்று அஞ்சினேன். இன்று காலை அவரே வந்து அதற்குச் சந்தனமும் குங்குமமும் இட்டுப் போனார். "சாமி பேரச் சொல்லிப் போட்டதுல்லா அண்ணாச்சி, எடுக்கப்படாது." வீட்டில் இப்போது அதன் பெயர் வேல். "வேலப் புடிச்சியளா?" என்று கதவுக்கு வெளியிலிருந்து உலகம்மாள் கேட்பாள். "பிடித்தேன்," என்பேன். பிடித்துக்கொண்டுதான் சொல்வேன்.

நூல் முடிவில் பிழைதிருத்தம் இணைப்பது அச்சக மரபு. இவ்வேட்டிற்கும் ஒன்று தேவைப்படுகிறது. ஆவணி மாதத்துப் பக்கங்களில்,

'நமஸ்காரம் செய்தேன்' என்றுள்ள இடமெல்லாம் 'விழுந்தேன்' என்று படிக்க.

'உலகம்மாளுக்காக' என்றுள்ள இடத்தில் 'எனக்காக' என்று படிக்க.

'உலகம்மாள் அருகில் நின்றாள்' என்றுள்ள இடமெல்லாம் 'உலகம்மாள் தூக்கினாள்' என்று படிக்க.

'முருகன் துணை' என்பதில் திருத்தமில்லை. அவன் யார் கையால் தூக்குவான் என்று அதில் எழுதியிருக்கவில்லை, அவ்வளவே.